ஒன்பதே முக்கால்

பழுது மூட்டையைப் பிரித்ததும் முதலில் எழுவது வாசனைதான். இஞ்சின் எண்ணெய், ஈரக் கம்பளி, காய்ந்த வியர்வை, எங்கோ அடியில் கொஞ்சம் புகையிலை. மழை நாளில் அந்த வாசனை பட்டறைக் கூரைக்கும் மேசைக்கும் நடுவில் அப்படியே தங்கிவிடும். ஜன்னல்களில் பாதிக்கு மேல் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள், எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று. மீதிப் பாதியில் மழை வழிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் பன்னிரண்டு பெண்களும் ஊசியில் நூல் கோக்க வேண்டும்.

போருக்கு முன்னால் அது சீமாட்டிகளுக்குக் கையுறை தைத்த பட்டறை. இப்போது விமானப்படைக்கு மட்டும். மேலே தோல், உள்ளே கம்பளி, முழங்கை வரைக்கும் வரும். புதிது ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கிழிந்தது இன்னொரு பக்கம் சாக்கு சாக்காக வந்துகொண்டிருக்கும். கிழிந்ததைச் சரி செய்து திருப்பி அனுப்ப வேண்டும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். எந்தக் கையுறையை எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுவிட வேண்டும். அதன் பிறகுதான் எங்கே கிழிசல் என்று பார்ப்பது. மேல்பக்கம் பார்த்தால் உள்ளங்கை மடிப்பு, கறை, ஒருவன் எதை இறுக்கிப் பிடித்தான் என்பதெல்லாம் தெரியும். திருப்பிப் போட்டால் வெறும் கம்பளி. இதை யாரும் சட்டமாகச் சொல்லவில்லை. மேசைத் தலைமாட்டில் உட்காரும் கத்திரி அக்கா அப்படிச் செய்தாள், மற்றவர்களும் செய்தார்கள். அவளுடைய கையில் கத்திரி கிடையாது, வாயில்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் ஒருத்திக்கு இது பழகவில்லை. ஒரு ஜோடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதெல்லாம் போட்டிருந்தவங்க இப்ப எங்கக்கா இருப்பாங்க?"

"புது ஜோடி வாங்கிட்டுப் போயிருப்பாங்க."

"எல்லாருமா?"

"நூலுக்கு மெழுகு பூசிட்டியா?" என்றாள் கத்திரி அக்கா.

"இல்லக்கா."

"பூசு."

மேசையின் அந்தக் கோடியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். வெட்டுக்காரரின் மூத்த மகள். அப்பா ஜன்னலோர மேசையில் தோல் வெட்டுவார், மகள் இங்கே தைப்பாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் பெரியவள்தான். பேச்சு குறைவு. ஆள்காட்டி விரலில் ஊசியைத் தள்ளுவதற்குத் தோலில் ஒரு தொப்பி மாட்டியிருப்பாள், எல்லாரையும் போல. அவளுடைய தொப்பி தேய்ந்து, நுனியில் ஓட்டை விழுந்து, ஊசியின் காது சதையில் குத்தத் தொடங்கி ரொம்ப நாளாகிறது. மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு விமானப்படையிலிருந்து கடிதம் வரும் என்பது பட்டறைக்கே தெரியும். யாரிடமிருந்து என்பதும் தெரியும். அவனை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

*

மெஷின் மெக்கானிக்காக வந்தவன் அவன். தோலை அச்சில் வைத்து அமுக்கும் இயந்திரம் சிக்கிக்கொண்டது, பார்க்க வந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விடுபட்டுக் கீழே இறங்கியது. இடது கை ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. பெரியவள் ஓடிப்போய்த் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுற்றினாள். மேஸ்திரிக்கு மயக்கம் வந்தது. விரல் போனவன் மேஸ்திரிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான்.

காயம் ஆறி மறுபடி வந்தபோது யாரோ "கை எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "பத்துல கால் போச்சு. மீதி ஒம்பதே முக்கா இருக்கு. எந்தக் கடைக்காரனும் இவ்வளவு சரியா நிறுத்துக் குடுக்க மாட்டான்" என்றான். அன்றிலிருந்து அவன் பெயர் ஒம்பதே முக்கா.

விடுமுறை நாட்களில் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். முதலில் சுவர்க் கடிகாரத்தைச் சரி பண்ண வந்தான். அடுத்த வாரம் கடிகாரம் மறுபடி நின்றது. அதற்கடுத்த வாரமும் நின்றது. "இவன் சரி பண்றானா, கெடுத்துட்டுப் போறானா?" என்று அப்பா கேட்டார். தங்கை சின்னவள்தான் சிரித்துக்கொண்டே டீ கொண்டுவந்து வைப்பாள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவள், ரேஷன் வரிசையில் நிற்பதும் ஊர்ப்பேச்சைக் கொண்டுவருவதும் அவள் பொறுப்பு.

அவன் பெண் கேட்டான். நேரடியாகக் கேட்டான். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு விரலப் பாத்துக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படிப் பாத்துக்குவ?"

"விரல் மெஷின்ல போச்சு, மாமா. உங்க பொண்ண மெஷின்ல வைக்க மாட்டேன்."

"மாமாவா? யாருக்கு யாரு மாமா?"

அதற்குள் போர் வந்துவிட்டது. இயந்திரம் தெரிந்தவன் யாராக இருந்தாலும் விமானப்படை எடுத்துக்கொண்டது, விரலை எண்ணிப் பார்க்கவில்லை. விமானத்தில் கூடவே பறக்கும் மெக்கானிக் வேலை. சொல்லிக்கொள்ள வந்தபோது அப்பா வாசல்வரை வந்தார். "போயிட்டு வா. பேசலாம்" என்றார். அவ்வளவுதான். நிச்சயம் என்றோ சம்மதம் என்றோ எதுவும் நடக்கவில்லை. அந்தப் 'பேசலாம்' ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

கடிதங்கள் வந்தன. ஊர்ப் பெயர் வந்த இடமெல்லாம் அதிகாரிகள் மை பூசியிருப்பார்கள். ஒரு கடிதத்தில் அவன் எழுதியிருந்தான்:

"மேலே ஏறினால் குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். பாட்டிலில் தண்ணீர் கல்லாகிவிடுகிறது. கையுறை நம் பட்டறையுடையதுதான், உள்ளே தைத்தவர் நம்பர் பார்த்தேன், உன் நம்பர் இல்லை, கத்திரி அக்காவுடையது. அவர் திட்டுவது போலவே இருக்கிறது. ஒரே தொல்லை, என் விரல் இல்லாத இடத்தில் தோல் சும்மா மடிந்து நிற்கிறது. ஒரு ஸ்விட்சை அழுத்தப் போனால் பக்கத்து ஸ்விட்சிலும் மாட்டுகிறது. நேற்று அப்படி இரண்டை அழுத்திவிட்டேன். விமானம் ஓட்டுகிறவர் என் பரம்பரையையே விசாரித்தார்."

சின்னவள் இதைப் படித்துவிட்டு உருண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுத்த அம்மா உள்ளே தோல் துண்டுகளைப் பார்த்தாள். பட்டறைத் தோல் ஒரு துண்டுகூட வெளியே போகக்கூடாது. அந்த மனிதர் அத்தனை வருடத்தில் ஒரு நூலைக்கூட எடுத்து வந்தவர் இல்லை.

"முதுகுத் தோல். நல்ல துண்டு" என்றார் யார் முகத்தையும் பார்க்காமல். "அவன் விரல் எவ்வளவு இருக்கும்?"

பெரியவள் தன் ஆள்காட்டி விரலை நீட்டினாள். "இவ்வளவுதான்பா. சரியா என் விரல் அளவு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னவள் தலையணையை முகத்தில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அப்பா குனிந்து, மகளின் விரலை மேசையில் வைத்து, பென்சிலால் கோடு இழுத்தார்.

அவள் வீட்டிலேயே தைத்தாள். இடது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் குட்டை. அடித்தையல் இரட்டை நூல். பட்டறைக்கு வராத கையுறை என்பதால் நம்பர் முத்திரை கிடையாது. அஞ்சலில் அனுப்பினாள். பதில் வந்தது: "இப்போது ஒரு ஸ்விட்சை அழுத்தினால் ஒரு ஸ்விட்சுதான் அழுந்துகிறது. ஓட்டுகிறவர் என் பரம்பரையை மன்னித்துவிட்டார்."

*

மழை தொடங்கியதிலிருந்து கடிதம் இல்லை.

முதலில் யாரும் அதைச் சொல்லவில்லை. ரயில் பாதையில் குண்டு விழுந்தது, தபால் தாமதம் என்று அப்பா ஒருநாள் தானாகவே சொன்னார், யாரும் கேட்காதபோது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த அம்மா பேச்சை எடுத்தாள்.

"அவங்க அண்ணன் வீட்டுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டா என்ன?"

"என்னன்னு எழுதறதும்மா?" என்றாள் பெரியவள்.

"உங்க தம்பிகிட்ட இருந்து தகவல் உண்டான்னு."

"கேக்கறது யாருன்னு போடறது?"

அம்மா சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் தந்தி அண்ணன் வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுக்கு இப்படி ஒருத்தி இருப்பது தெரியுமா என்பதே தெரியாது. மனைவி இல்லை, நிச்சயித்த பெண் இல்லை. கடிகாரம் நின்றுபோகிற ஒரு வீட்டுப் பெண்.

"யாருன்னு போடறது" என்று அம்மாவும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், விடை வருகிறதா என்று பார்ப்பதுபோல.

*

கையுறையைக் கண்டுபிடித்தது புதிதாக வந்தவள்தான். கண்டுபிடித்தாள் என்றும் சொல்ல முடியாது. மேசை நடுவில் மரத்தில் செய்த கைகள் இரண்டு நிற்கும். விரல்களை விரித்துக்கொண்டு, ஏதோ கேட்க எழுந்தவனின் கைபோல. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. எந்தக் கையுறையும் அதில் சுருக்கமில்லாமல் ஏற வேண்டும், ஏறினால்தான் வெளியே போகும். அவள் ஒரு இடது கையுறையை மரக்கையில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது ஏற மாட்டேங்குது."

"நல்லா இழு."

"விரல்ல நிக்குதுக்கா. ஒரு விரல் மட்டும் குட்டையா இருக்கு. ஐயோ, இந்தக் கட்டை விரலைப் பாருங்களேன், எந்த மகராசன் தச்சானோ!"

கட்டை விரலின் தையல் கிழிந்து, அதை யாரோ தடித்த கறுப்பு நூலால் இழுத்துப் பிடித்திருந்தார்கள். தையல் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று எங்கேயோ. மேசையே சிரித்தது. "இது கிளவுஸா, அரிசி மூட்டையா?" "கோணி ஊசியில தச்சிருக்கான்." "கண்ண மூடிட்டுத் தச்சிருக்கான்டி." சிரிப்புச் சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். அவரும் இழுத்துப் பார்த்தார். விரல் நின்றது. உள்ளே திருப்பினார்.

"நம்பரக் காணோமே. எந்தக் குருடி தச்சு அனுப்பினது? யாரு பாஸ் பண்ணது?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அடித்தையலின் இரட்டை நூல் அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஜன்னலோரத்தில் தோலின்மேல் ஓடிக்கொண்டிருந்த கத்தியின் சத்தம் நின்றிருந்தது.

தையல்காரிகளுக்கு மற்றவள் தையல் கையெழுத்து மாதிரி. கத்திரி அக்கா கையுறையைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். மேஸ்திரி கையிலிருந்து அதை வாங்கினாள்.

"ஈரத்துல கிடந்து சுருங்கியிருக்கு, மேஸ்திரி."

"ஒரு விரல் மட்டும் சுருங்குமா?"

"ஏன் சுருங்காது? எங்க வீட்டுக்காரருக்கு மூளை மட்டும் சுருங்கிப்போச்சு, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பெண்கள் மறுபடி சிரித்தார்கள். மேஸ்திரி கையை உதறினார். "விரல வெட்டிட்டுப் புது விரல் வைங்க. அந்தக் கட்டை விரல் அசிங்கத்தையும் பிரிச்சுத் தைங்க. மரக்கையில ஏறாதது வெளிய போகாது, சொல்லிட்டேன்."

அவர் போனதும் கத்திரி அக்கா ஜோடியை மேசைமேல் தள்ளினாள். அது கைக்குக் கை மாறிக் கோடிக்கு வந்தது. பெரியவள் எடுத்து, தன் குவியலின் அடியில் வைத்தாள். வேறு ஒன்றை எடுத்துத் தைத்தாள்.

*

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவும் மகளும் ஒரே குடையில் நடந்தார்கள். கடைகளில் விளக்குக்குக் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. ரொட்டிக்கடை வரிசை தெருமுனை தாண்டி நீண்டது. வரிசை தாண்டியபிறகு அப்பா சொன்னார்.

"பழுதுக்குப் போட்டிருக்கான்னா, போட ஆள் இருக்கான்னுதானே அர்த்தம்."

"ம்."

"புதுசு குடுத்திருப்பாங்க. கட்டை விரல் கிழிஞ்சதும் குடுத்துட்டு வாங்கியிருப்பான். அங்கெல்லாம் கிழிஞ்சதப் போட விடமாட்டாங்க. ரூல்."

"சரிப்பா."

"என்ன சரி? சந்தோஷமா இரு."

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து, விருந்தாளிக்கென்று ஒளித்துவைத்திருந்த முட்டைகளை எடுத்து வேகப் போட்டாள். சின்னவள்தான் குறைப்பட்டுக்கொண்டாள்.

"நீ ராப்பகலா தச்சு அனுப்பினா, அவரு மூட்டையில தூக்கிப் போட்டுட்டாரா? வரட்டும், ஒம்பதே முக்காவ ஒம்பதரை ஆக்கிடறேன்."

"கட்டை விரல யாரோ கண்றாவியா தச்சிருக்காங்க" என்றாள் பெரியவள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"எவனோ கூட இருக்கற தடியன் தச்சிருப்பான். அவருக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள். முட்டையை இரண்டாக வெட்டி உப்புப் போட்டுத் தின்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் உப்பின் ருசி தெரிந்தது.

அப்புறம் வந்த நாட்களில் அந்த ஜோடி குவியலின் அடியிலேயே இருந்தது. காலையில் புதுக் குவியல் வந்தால் அதையும் இதன்மேல் வைத்துக்கொள்வாள். சரி செய்தால் அது யாருடைய கைக்கோ போய்விடும். அவனே வந்தால் கொடுக்கலாம், புதிதாகக் கட்டை விரல் தைத்து. அப்படி நடக்காது என்று தெரியும், பட்டறைப் பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது. இருந்தாலும் அடியில் வைத்தாள். கத்திரி அக்கா பார்த்தும் கேட்கவில்லை. மேஸ்திரி மட்டும் ஒருநாள் கத்தினார், வெள்ளிக்கிழமை லாரி வருகிறது, பழுது மூட்டை முழுசாக முடிந்திருக்க வேண்டும் என்று.

*

வியாழக்கிழமை கடிதம் வந்தது.

சின்னவள் தபால்காரரிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, பிரிக்காமல் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தாள். உறையின்மேல் முத்திரைமேல் முத்திரை, மூன்று ஊர் சுற்றியிருக்கிறது, போட்டு வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது. அக்காவும் அப்பாவும் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்குள் கத்தினாள். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

அம்மா பருப்பும் ரொட்டியும் எடுத்துவைத்தாள். அப்பா ஈரச் சட்டையை மாற்றாமலே உட்கார்ந்தார். பெரியவள் உறையைப் பிரித்து, அவன் கையெழுத்துதானா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தங்கையிடம் கொடுத்தாள். அவனுடைய கடிதத்தில் ரகசியம் எதுவும் இருக்காது, எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுவான். சின்னவள் படித்தால்தான் அவன் பேசுவதுபோல் இருக்கும்.

"கோபக்காரிக்கு" என்று தொடங்கினாள் சின்னவள்.

"நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் உன் தங்கை சிரிப்பாள், அதனால் எழுதவில்லை."

"யாரு சிரிச்சா?" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

"இங்கே மழை. பறக்காத நாளில் சேற்றில் நிற்கிறோம், பறக்கிற நாளில் குளிரில் உட்கார்ந்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு. நேற்றும் அதுதான். நாளைக்கு மாறும் என்று சமையல்காரர் சத்தியம் செய்திருக்கிறார், கிழங்கை இன்னும் சின்னதாக வெட்டப்போகிறாராம். பக்கத்துக் கட்டில்காரன் விடும் குறட்டையில் இரண்டு இஞ்சின் ஓடுகிறது. ஒன்றைக் கழற்றி வைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

"ஒரு துக்கச் செய்தி. உன் கையுறையின் கட்டை விரல் கிழிந்துவிட்டது. குற்றம் உன் தையலில் இல்லை, ஒரு ஆணி மாட்டி இழுத்தது. நானே தைத்தேன். சாமான் பையின் வாய் தைக்கிற கறுப்பு நூல்தான் கிடைத்தது. கோணி மூட்டை மாதிரி இருக்கிறது. நீ பார்த்தால் என் பரம்பரையை நீயும் விசாரிப்பாய்."

சின்னவள் கையைத் தட்டினாள். "அவரேதான்! அந்தத் தடியன் அவரேதான்! அக்கா, கேட்டியா?"

"கேட்டேன். படி."

"ஸ்டோர்காரர் பார்த்துவிட்டு, பழுது மூட்டையில் போடு, புது ஜோடி தருகிறேன் என்றார். கழுத்தை அறுத்தாலும் தரமாட்டேன் என்றேன். கிழிந்து நாராய்ப் போனாலும் இதைத்தான் போட்டுக்கொள்வேன், இது எனக்கென்று அளவெடுத்தது என்றேன். அவர் சிரித்தார். 'எப்படியும் ஒருநாள் எல்லாம் என்கிட்டதானே…'"

சின்னவள் நிறுத்தினாள். கண் அந்த வரியிலேயே திரும்ப ஒருமுறை ஓடியது. வாயிலிருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே இருந்தது.

அப்பா ரொட்டியைப் பிய்த்த கையோடு உட்கார்ந்திருந்தார்.

"படி" என்றாள் பெரியவள்.

"அக்கா…"

"அடுத்த வரி படி."

"'எல்லாம் என்கிட்டதானே வரும்' என்றார்." சின்னவளின் குரல் பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற குரலாகிவிட்டது. "அவர் அப்படித்தான் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. உன் அப்பாவிடம் சொல், தோல் அருமையான தோல். பேசலாம் என்று சொன்னாரே, நான் மறக்கவில்லை, அவரும் மறக்க வேண்டாம். கடிகாரம் ஓடுகிறதா? ஓடினால் யாராவது நிறுத்திவைக்கவும். இப்படிக்கு, ஒன்பதே முக்கால்."

சின்னவள் கடிதத்தை மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை, மறுபடி பிரித்து மடித்தாள்.

"கையில அடிபட்டிருக்கலாம்" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரியில சேத்திருந்தா கிளவுஸக் கழட்டித்தானே வைப்பாங்க. கழட்டினத எவனாவது மூட்டையில போட்டிருப்பான். அவனக் கேட்டா போடுவாங்க?"

"ஆமாப்பா."

"தொலைஞ்சும் போயிருக்கலாம். அந்தச் சேத்துல."

"இருக்கலாம்பா."

அம்மா மகளின் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள். பெரியவள் தின்றாள். தட்டில் இருந்ததெல்லாம் தீரும்வரை தின்றாள். எழுந்து எல்லாருடைய தட்டையும் எடுத்துக் கழுவினாள். தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும், விரலெல்லாம் சிவந்திருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அழுவாள் என்று அம்மா அடுப்பு மேடையருகே துணியோடு நின்றாள். தட்டுகளைத் துடைப்பதைத் தவிர அந்தத் துணிக்கு வேலை வரவில்லை.

சின்னவள்தான் மூலையில் போய் உட்கார்ந்து அழுதாள். பெரியவள் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள்.

"நான் சிரிச்சேனேக்கா."

"சிரிக்கத்தானே எழுதியிருக்காரு. மூக்கத் துடை."

*

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. ஈரம் மட்டும் இருந்தது. பெரியவள் வந்து உட்கார்ந்து, குவியலின் அடியிலிருந்து அந்த ஜோடியை எடுத்து மேலே வைத்தாள்.

கையுறையைத் திருப்பிப் போடவில்லை. முதல் தடவையாக மேல்பக்கம் பார்த்தாள். உள்ளங்கையில் எண்ணெய் ஊறிப் பளபளத்தது. விரல் மடிப்புகள் ஆழமாக விழுந்திருந்தன. குட்டை விரலின் நுனி தேய்ந்திருந்தது, நிறைய ஸ்விட்சுகளை அழுத்தியிருக்கிறது. ரத்தமோ தீயோ எதுவும் இல்லை. நன்றாக உழைத்த கையுறை, அவ்வளவுதான். பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டாள்.

விரலின் அடியில் இரட்டை நூலைக் குத்தூசியால் ஒவ்வொன்றாகத் தூக்கி அறுத்தாள். நல்ல தையல், எளிதில் விடவில்லை. விரல் தனியாக வந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு, புது விரல் வேண்டுமென்று அப்பாவின் மேசைக்குப் போனாள்.

அவர் ஏற்கனவே தோலை எடுத்து வைத்திருந்தார். அளவு கேட்கவில்லை. எல்லாருக்கும் வெட்டுகிற தகர அச்சை எடுத்து வைத்தார். சுற்றிக் கோடு இழுத்தார்.

"முதுகுத் தோல்தான்" என்றார்.

"சரிப்பா."

"நான் அன்னிக்கே சரின்னு சொல்லியிருக்கலாம்."

"ம்."

அவர் வெட்டிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து புது விரலை வைத்துத் தைத்தாள். நீளமாக, முழுசாக. பிறகு கட்டை விரல். மேஸ்திரி சொன்னபடி அந்தக் கறுப்பு நூலைப் பிரித்தெடுத்துவிட்டுத்தான் தைக்க வேண்டும். குத்தூசியை முதல் தையலுக்குக் கீழே நுழைத்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வெளியே எடுத்துவிட்டு, அவனுடைய கோணல் தையல்களுக்கு நடுவே நடுவே தன்னுடைய சின்னத் தையல்களைப் போட்டுக்கொண்டு போனாள். அவை இழுத்துப் பிடித்ததும் கறுப்பு நூல் தோலுக்குள் அமுங்கி, பார்த்தால் தெரியாமல் போயிற்று. பக்கத்தில் வந்து நின்ற கத்திரி அக்கா பார்த்தாள். மெழுகு பூசிய நூல் ஒன்றை நீட்டினாள், பெரியவள் வாங்கிக்கொண்டாள்.

மரக்கையில் மாட்டினாள். ஐந்து விரலும் சுருக்கமில்லாமல் ஏறிற்று.

மேஸ்திரி வந்து கட்டை விரலை ஆட்டிப் பார்த்தார். "இப்பதான் இது கிளவுஸ்" என்றார். "நம்பர் போடு."

அவள் தன் நம்பர் முத்திரையை மையில் தொட்டு உள்பக்கம் குத்தினாள். ஜோடியைச் சேர்த்துக் கட்டி மூட்டையில் போட்டாள். மத்தியானம் லாரி வந்தது, ஆட்கள் மூட்டைகளைத் தூக்கிப் போட்டார்கள், போய்விட்டது. எந்த மூட்டை எது என்று வெளியே வந்து பார்க்கவில்லை.

துண்டுத் தோலையெல்லாம் கூட்டிக் கூடையில் போட வேண்டிய நேரம். மடியில் கிடந்த குட்டை விரலை எடுத்தாள். உள்ளேயிருந்த கம்பளியை உருவினாள். விரலில் இருந்த பழைய தொப்பியைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, இதை மாட்டினாள். தோல் மெத்தென்று இறங்கி, விரல் நுனியில் சரியாக நின்றது.

கூடையோடு வந்த மேஸ்திரி பார்த்தார். "அது என்னம்மா?"

"தொப்பி, மேஸ்திரி. பழசு ஓட்டையாயிடுச்சு."

"ம்" என்று நகர்ந்தார்.

புதிதாக வந்தவள் எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கேக்கா. எங்க கிடைச்சுது? தச்சு வச்ச மாதிரி அளவா இருக்கு."

"என் அளவுதான்" என்றாள் பெரியவள்.

அடுத்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். எண்ணெய் வாசனை எழுந்தது. அவள் ஒன்றை எடுத்து, திருப்பிப் போட்டு, ஊசியைத் தள்ளினாள். குத்தவில்லை.